நான்காம் கண்ணாடி

கண் மருத்துவமனையின் முதல் மேசையில் அவள் உட்கார்ந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. வருகிறவரின் குறையைக் கேட்டு, அட்டையில் ஒரே ஆங்கிலச் சொல்லாக எழுதி அனுப்புவது அவள் வேலை. எந்தச் சோதனை முதலில் என்பது அந்தச் சொல்லைப் பார்த்தே முடிவாகும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வதோ ஒன்றே: "மங்கலா தெரியுதுங்க." தொடக்கத்தில் அவளும் எல்லாருக்கும் 'டிம்' என்றே எழுதித் தள்ளினாள். ஒருநாள் டாக்டரம்மா நாற்பத்திரண்டு அட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

"ஊருக்கே ஒரே மங்கலாம்மா? அப்ப எனக்கு இங்க என்ன வேலை?"

அகராதியைப் புரட்டினாள். அது ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லைக் கைகாட்டிவிட்டு நழுவியது. ஆகவே பழைய போட்டோச் சட்டங்களிலிருந்து நான்கு கண்ணாடிகளைக் கழற்றினாள். முதலாவதை மெழுகுவத்திப் புகையில் கருக்கினாள். வெளிச்சம் குறையும், ஓரங்கள் கலையாது. அது 'டிம்'. இரண்டாவதில் மாவைத் தூவி ஊதினாள். எல்லாம் தெரியும், எல்லாவற்றின் மேலும் புழுதி படிந்தாற்போல் இருக்கும். அது 'ஹேஸி'. மூன்றாவதில் எண்ணெய்த்தாளை ஒட்டினாள். பொருள் மறைந்து வெள்ளை மட்டும் பரவும். அது 'கிளவுடி'. நான்காவதை வெந்நீர்க் குடுவையின் வாயில் பிடித்துக் கொடுக்க வேண்டும். துடைத்தால் தெளியும், மறுபடி மூடும். அது 'மிஸ்டி'. ஜன்னலுக்கு வெளியே தெரியும் மருந்துக்கடைப் பலகையைக் காட்டி, எந்தக் கண்ணாடி மாதிரி தெரிகிறது என்று கேட்பாள். டாக்டரம்மா முதலில் சிரித்தார். ஒரு மாதத்தில் சிரிப்பதை விட்டுவிட்டார்.

யார் எதை எடுத்தார், டாக்டர் என்ன கண்டார் என்று தனி நோட்டும் எழுதிவந்தாள். நான்காவதை எடுத்தவர்கள் பெரும்பாலும் சொட்டு மருந்தோடு வீடு திரும்பினார்கள். மூன்றாவதை எடுத்தவர்களுக்குப் புரை. முதலாவதை எடுத்த பலருக்கு நரம்பில் கோளாறு. போன பார்வை போனதுதான். இதையெல்லாம் சாப்பிடும்போது கணவரிடம் ஒப்பிப்பது வழக்கம்.

கணவர் இருபத்தாறு ஆண்டுகளாக பஸ் ஓட்டுநர். அண்மையில் வீட்டு பல்பை மூன்று முறை மாற்றி, மூன்று முறையும் பல்பைத்தான் திட்டினார். லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும். கிடைக்காவிட்டால் ஸ்டியரிங் கைவிட்டுப் போகும். பதினேழாம் டோக்கனோடு அவர் வந்து நின்றபோது, மற்றவர்களிடம் கேட்பதுபோலவே அவரிடமும் கேட்டாள். வெந்நீர் கொண்டுவரப் போன நர்ஸ் இன்னும் திரும்பவில்லை.

அவர் தயங்காமல் கடைசிக் கண்ணாடியை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார்.

"இதேதான். பனி மூடின மாதிரி. சொட்டு மருந்து விட்டா சரியாயிடும்."

"மருந்தையும் அவரே எழுதிக்கிறாரு," என்றார் பின்னால் நின்ற பதினெட்டாம் டோக்கன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, அதுல இன்னும் ஆவியே பிடிக்கலை. அது வெறும் கண்ணாடி."

அவர் கண்ணாடியை இறக்கிப் பலகையைப் பார்த்தார். மறுபடி கண்ணாடி வழியே பார்த்தார். பொய்யாகச் சொன்னது பாதி மெய்யாகிவிட்டது. எப்படிப் பார்த்தாலும் பலகை பனி மூடியேதான் கிடந்தது. இரண்டு மாதமாகப் பகல் டிரிப்பாகவே கேட்டு வாங்கி ஓட்டியதை அப்போதுதான் ஒத்துக்கொண்டார்.

"வண்டிய விட்டுட்டு வீட்ல உக்காந்து நான் என்ன பண்ணுவேன்?"

"மொதல்ல ஒழுங்கா பாத்துச் சொல்லுங்க. உக்கார்றதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

அவர் முதல் கண்ணாடியை எடுத்தார். அவள் பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல. இது இருட்டு. எனக்கு வெளிச்சம் வேணுங்கிற அளவு இருக்கு."

இரண்டாவதைப் பார்த்ததும் வைத்துவிட்டார். மூன்றாவது அவர் கையில் வெகுநேரம் இருந்தது.

"இதுதான். எதிர்ல வர்ற லைட்டு பஞ்சு பிச்ச மாதிரி விரியும். வேறெதுவும் தெரியாது."

அவளுக்கு மூச்சு வந்தது. அட்டையில் 'கிளவுடி' என்று குண்டு குண்டாக எழுதினாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். மேகம் மாதிரி, எடுத்துவிடக்கூடியது என்றாள்.

டாக்டரம்மாவும் புரை என்றே சொன்னார். ஒரு கண், பிறகு மறு கண் என்று அறுவை முடிந்து, மறுபரிசோதனைக்குக் கணவர் அதே மேசைக்கு வந்தார். இம்முறை நான்காவதில் ஆவி பிடித்துக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, அது திரும்ப மூடுவதற்குள் பலகையை வாசித்தார்.

"ஞாயிறு விடுமுறை. இது எப்ப எழுதினாங்க?"

"பதினோரு வருஷமா இருக்கு."

குறை என்ற இடத்தில் எழுதச் சொல் இல்லாததால் அவள் ஒரு கோடு இழுத்தாள். டாக்டரம்மாவிடம் சான்றிதழை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவர் லைசென்ஸ் அலுவலகம் மூடுவதற்குள் கிளம்பினார்.