கிழிபடாத டிக்கெட்

தியேட்டரில் எல்லோரும் அவரை 'சி.ஐ.டி.' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக இல்லை, முதுகுக்குப் பின்னால். வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிற மனிதருக்கு எதற்கு இந்தப் பட்டம் என்றால், அவர் டிக்கெட்டை மட்டும் பார்க்கிறவர் இல்லை. நீட்டுகிற கையைப் பார்ப்பார். கூட வருகிற ஆளைப் பார்ப்பார். இடைவேளையில் வெளியே போனவன் அதே சட்டையோடுதான் திரும்புகிறானா என்று பார்ப்பார். சிரித்துக்கொண்டு வருகிறவனை இரண்டு தடவை பார்ப்பார். சினிமாவுக்கு வருகிறவன் பின்னே அழுதுகொண்டா வருவான் என்று கேட்டால், "படம் பார்த்துட்டு சிரிக்கட்டும். உள்ள வரும்போதே என்ன சிரிப்பு?" என்பார்.

டிக்கெட்டை அவர் நேராகக் கிழித்ததே கிடையாது. ஒரு நாளைக்கு வலப்பக்கம் சரியும், மறுநாள் இடப்பக்கம், இன்னொரு நாள் நடுவில் ஒரு வளைவு. எந்த நாளைக்கு எந்தச் சரிவு என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒரு பாதி வந்தவருக்கு, மறுபாதி அவர் இடுப்பில் தொங்குகிற கம்பிக்கு. தரையில் கிடக்கும் பழைய பாதியைப் பொறுக்கிக்கொண்டு எவனாவது இடைவேளையில் நுழையப் பார்த்தால், "தம்பி, இது முந்தாநாள் கிழிச்சது. போய்ட்டு வா" என்று அனுப்பிவிடுவார். முப்பத்தோரு வருஷத்தில் அவரை ஏய்த்து உள்ளே போனவன் ஒருத்தன்கூட இல்லை என்பது அவருடைய பெருமை. அதைத் தினம் ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தத் தெருவில் ஐந்து தியேட்டர்கள் இருந்தன. மாலையானால் பஸ் நுழைய முடியாது. அவருடைய தியேட்டருக்கு மட்டும் ஆயிரத்து நாற்பது இருக்கைகள், பால்கனி, பால்கனிக்கு வளைந்து ஏறும் படிக்கட்டு, படிக்கட்டு முழுக்கச் சிவப்புக் கம்பளம். பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்தது, கேசட் வந்தது, என்னென்னவோ வந்தது. ஒரு தியேட்டர் துணிக்கடை ஆனது. இன்னொன்றில் கார் நிறுத்துகிறார்கள். மற்ற இரண்டும் இருந்த இடமே தெரியவில்லை. இவருடையது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. காலை நேரத்தில் பரீட்சை வகுப்புக்கு வாடகைக்குப் போனது. ஒரு மழைக்காலம் முழுக்கத் திரைக்கு முன்னால் சிமெண்ட் மூட்டைகள் கிடந்தன. கடைசியில் முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார்: உள்ளே இருப்பதையெல்லாம் இடித்துவிட்டு நான்கு சின்னத் தியேட்டர்கள். அடுத்த மாதம் இடிப்பு. புதுசுக்கு வாசலில் ஒரே ஆள் போதும். அந்த ஆள் சி.ஐ.டி. என்று முதலாளி வாய் திறந்து சொல்லியிருந்தார்.

அப்போதுதான் அந்த ஒரு டிக்கெட் காணாமல் போக ஆரம்பித்தது.

புதிதாக வந்திருந்த மேனேஜர்தான் கண்டுபிடித்தார். வியாழக்கிழமை மேட்னிக்கு கவுண்டரில் முப்பத்தெட்டு டிக்கெட் போயிருக்கிறது. உள்ளே கூரையில் மாட்டிய கேமராவில் எண்ணினால் முப்பத்தெட்டுத் தலை. சி.ஐ.டி.யின் கம்பியில் முப்பத்தேழு பாதிதான். அடுத்த வியாழனும் ஒன்று குறைந்தது. அதற்கு அடுத்ததும். மற்ற நாட்களில் எல்லாம் சரியாக இருந்தது.

"ஒண்ணு கிழிபடாம போகுது," என்றார் மேனேஜர். "நம்ம டிக்கெட்ல தேதி கிடையாது. கிழிக்காத டிக்கெட் மறுபடி கவுண்டருக்குப் போனா மறுபடி விக்கலாம். இது பழைய வேலைதானே? உங்களுக்குத் தெரியாததா?"

எத்தனை பேரை இதே குரலில் சி.ஐ.டி. கேட்டிருக்கிறார். தன்னை ஒருத்தன் கேட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"நான் எடுப்பேனா சார்?"

"நான் அப்படிச் சொல்லலயே. இன்னும் ரெண்டு வியாழனுக்குள்ள அந்த டிக்கெட் எங்க போச்சுன்னு சொல்லுங்க. இல்லன்னா புது வாசலுக்கு வேற ஆள்தான்."

வேலை போனால்கூடப் பரவாயில்லை. திருடன் என்ற பேரோடு போவதா? சி.ஐ.டி. துப்புத் துலக்கக் கிளம்பினார். முதலில் கேண்டீன்காரர் மேல் சந்தேகம். சும்மா இருந்த மனிதர் இவருக்கு ஓசியில் டீ கொடுத்தார், அதனால். அப்புறம் பெருக்குகிற அம்மாள் மேல் சந்தேகம். அந்த அம்மாள் டீ கொடுக்கவில்லை, அதனால். ஆறு வெளி வாசல்களின் தாழ்ப்பாளிலும் ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்தார். கதவு திறந்தால் குச்சி விழும். வியாழன் மேட்னி முடிந்து கதவைத் திறந்துவிடுமுன் போய்ப் பார்த்தால் ஆறு குச்சியும் அப்படியே நின்றன. கம்பியில் ஒரு பாதி குறைந்திருந்தது.

ஆக, ஆள் கதவு வழியாக வரவில்லை. மிச்சம் இருப்பது ஒரே வழி. படம் ஓட்டுகிற ஆபரேட்டர் அறைக்குப் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு இரும்பு ஏணிப்படி உண்டு. அந்த அறைக்குள்ளிருந்து பால்கனிக்கு ஒரு சின்னக் கதவு. அந்த வழியில் வெளியாள் யாரை ஏற்றினாலும் ஆபரேட்டருக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். ஆபரேட்டர் வேறு யாருமில்லை, சி.ஐ.டி.யின் சொந்த மச்சான், மனைவியின் தம்பி.

வீட்டில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"உன் தம்பி சரியில்ல. எவளையோ பால்கனிக்குக் கூட்டிட்டு வர்றான்."

"எவளை?"

"அதான் தெரியல. வியாழக்கிழமை வியாழக்கிழமை வர்றா."

"பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா என்ன? எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் பீன்ஸை நறுக்கினாள்.

அவர் கணக்கில் அவள் தியேட்டருக்குள் கால் வைத்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. கல்யாணமான புதிதில் ஒரு நாள், புருஷன் வேலை பார்க்கிற இடமாயிற்றே என்று மேட்னிக்கு வந்தாள். வாசலில் இருந்த வேறொரு ஆள் தெரிந்த முகம் என்று உள்ளே விட்டுவிட்டான். பால்கனியில் நான்காவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். அப்போதிருந்த மேனேஜர் சோதனைக்கு வந்தார், கூடவே டார்ச்சோடு சி.ஐ.டி.யும் வந்தார். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. "இவங்க யாரு?" என்று மேனேஜர் கேட்டார். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான். "தெரியல சார்" என்று சொல்லிவிட்டு, அவளைப் பார்த்து, "டிக்கெட் எங்கம்மா?" என்றார். அவள் எழுந்து போனாள். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிற்பாடு எத்தனையோ படத்துக்குப் பாஸ் கொண்டுவந்து கொடுத்தார். தலைவலி என்பாள், துணி ஊறுகிறது என்பாள். அவளுக்குச் சினிமா பிடிக்காது என்று முடிவு கட்டிவிட்டார். உலகத்தையே சந்தேகப்பட்ட மனிதர், அதை மட்டும் சந்தேகப்படவில்லை.

அடுத்த வியாழன் வந்தது. மேட்னிக்கு முன்னால் அவர் பால்கனிக்குப் போய், ஆபரேட்டர் அறைக் கதவுக்கு வெளியே கம்பளத்தில் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவினார். படம் ஆரம்பித்து இருபது நிமிஷம் கழித்து மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், வாங்க. டிக்கெட் எங்க போகுதுன்னு கண்ணால பாருங்க."

வளைந்த படிக்கட்டில் சி.ஐ.டி. முன்னால் ஏறினார். மச்சான் மாட்டப்போகிறான் என்ற வருத்தம் ஒரு பக்கம் இருக்கத்தான் செய்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான் அதிகம். பால்கனியில் டார்ச்சைத் தரையில் அடித்தார். பவுடரில் பளிச்சென்று செருப்புத் தடம், சின்னத் தடம், பெண்ணுடையது. மேனேஜர் திரையைப் பார்த்துக்கொண்டு வந்ததால் தரையைக் கவனிக்கவில்லை. தடம் நான்காவது வரிசைக்குப் போனது. அங்கே ஒரே ஒரு தலை. சி.ஐ.டி. நேராகப் போய் முகத்தில் வெளிச்சம் அடித்தார்.

மனைவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"இவங்க யாருங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

அவள் எழுந்திருக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். முழு டிக்கெட். பையில் அதே மாதிரி இன்னும் ஒரு கொத்து இருந்தது.

"எல்லாம் காசு கொடுத்து வாங்கினது," என்றாள். "இடிக்கிறதுக்குள்ள பார்த்துக்கலாம்னு வந்தேன். டிக்கெட் இல்லாம வந்தான்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க."

தம்பியை விட்டு வாங்கியிருக்கிறாள். தம்பியின் ஏணியில் ஏறி வந்திருக்கிறாள். முப்பத்தோரு வருஷமாக அவர் நிற்கிற அந்த வாசலை மட்டும் அவள் மிதிக்கவில்லை. சி.ஐ.டி.க்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அவமானமாக இருந்தது. தப்பிக்க வழியும் கண்முன்னாலேயே இருந்தது. அந்தப் பவுடர் தடத்தை மேனேஜருக்குக் காட்டினால் போதும். மச்சான் போவான், இவர் புது வாசலில் நிற்பார்.

மெதுவாகப் பின்னால் நகர்ந்து, செருப்புக் காலால் அந்தத் தடத்தைத் தேய்த்தார்.

"என் பொண்டாட்டி சார்."

"எப்படி வந்தாங்க?"

"என் வாசல் வழியாத்தான். வாரா வாரம் நான்தான் விட்டேன்."

"டிக்கெட்தான் வச்சிருக்காங்களே. அப்புறம் ஏன் கிழிக்கல?"

"பொண்டாட்டிகிட்ட டிக்கெட் கேக்க வாய் வரல சார்."

"இத்தனை நாள் தெரியாத மாதிரி நடிச்சீங்களே. போன வாரமே சொல்லியிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும். இப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது, புது வாசலுக்கு வேற ஆள்தான்," என்றார் மேனேஜர். பிறகு, "திருட்டு இல்லன்னு முதலாளிகிட்ட நான் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் இறங்கிப் போனார்.

சி.ஐ.டி. டார்ச்சை அணைத்தார். மனைவி நீட்டிய டிக்கெட்டை வாங்கி அன்றைய சரிவில் கிழித்து, ஒரு பாதியை அவள் கையில் கொடுத்தார். முப்பத்தோரு வருஷத்தில் படம் ஓடும்போது அவர் உட்கார்ந்ததே இல்லை. அவளுக்குப் பக்கத்தில் மடங்கியிருந்த இருக்கையை இறக்கி அதில் சாய்ந்தார்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"உங்க டிக்கெட் எங்க?"

அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் எழுந்திருக்கப் போனார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, பையிலிருந்த கொத்திலிருந்து ஒன்றை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள். பழக்க தோஷம், அவர் அந்த இருட்டிலும் அதன் நம்பரைப் பார்க்க முயன்றார். பிறகு கிழித்தார். முதல் தடவையாக நேராகக் கிழித்தார்.