எதிர்வீட்டைக் காட்டிய மாமா

கடைத்தெருவில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவரை எல்லாரும் ‘கரண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர்வம்பு முழுக்க அவர் கடையைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போகும். வாய் அப்படி. அந்த வாய் ஒரே ஒரு நாள் வறண்டுபோனது. செத்துப்போன அக்காவின் மகள் கடை வாசலில் வந்து நின்ற நாள் அது.

கல்யாணமாகிக் கண்காணாத தூரம் போன அக்கா, அப்பா வீட்டில் பங்கு கேட்டதில்லை. இவரும் கொடுத்ததில்லை. சாவுக்குக்கூடப் போகவில்லை. பெண்ணோ, பரம்பரையையே தேடி எழுதுகிறாளாம். அம்மா பிறந்த வீட்டை ஒருதடவை பார்க்க வேண்டுமாம். பார்த்த கையோடு பங்கையும் கேட்டுவிட்டால்? நைசாகப் பின்பக்கம் போய்த் தன் வீட்டுக்காரிக்குப் போன் போட்டார். பெண் கேட்டால் தாங்கள் இருப்பது வாடகை வீடு என்று சொல்லிவிடச் சொன்னார்.

“வாடகையை யாருக்குக் குடுக்கிறோம், எனக்கா?” என்றாள் அவள்.

தெருவுக்குக் கூட்டிப்போனவர், தன் வீட்டுக்கு எதிரே இருந்த மூன்று மாடிக் கட்டடத்தைக் கைகாட்டினார். பழைய வீட்டை விற்றாயிற்று, வாங்கினவன் இடித்துக் கட்டிவிட்டான் என்று கூசாமல் சொன்னார். பெண் அந்தச் சுவரைத் தடவித் தடவி அழுதாள். அவள் அம்மா ஓடி விளையாடிய வீடு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அந்தக் கட்டடத்து மாடியில் துணி காயப்போட்டவள், யார் வீட்டு இழவு தன் வாசலுக்கு வந்தது என்று எட்டிப் பார்த்தாள். கரண்டுக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

வீட்டுக்காரி பெண்ணை உள்ளே கூட்டிப்போய் டீ கொடுத்தாள். பயணக் களைப்பு. கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று பக்கத்து அறையில் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். அது அக்காவின் அறை. ஜன்னல் பக்கம் தலை, கன்னத்துக்கு அடியில் வைத்த கை. அக்கா படுப்பதும் அப்படித்தான்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு, எழுப்புங்க” என்றாள் வீட்டுக்காரி. பிறகு குரலைத் தாழ்த்தி, “பங்கு கேக்கிற மூஞ்சியா அது?” என்றாள்.

“தூங்கட்டும். அவ அம்மா ரூம்தானே.”

“அதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?”

அவர் வாசலுக்குப் போய், பெண் கழற்றிப் போட்டிருந்த செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவள் பதறி எழுந்து வந்தாள். “மாமா, செருப்பைக் குடுங்க. பஸ் போயிடும்.”

“போகட்டும்மா” என்றார். செருப்பை விடவில்லை. “மறுபடி உள்ள போய் உட்காரு. நான் ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு இதாலயே என்னை அடிச்சாலும் சரி.”