செம்பரம்பாக்கத்தில் இன்று எத்தனை அடி?

கோட்டூர்புரத்தில், அடையாற்றுக்குப் பக்கத்துத் தெருவில் தரைத்தள வாடகை வீடு எங்களுடையது. ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் யாரும் நலம் விசாரிப்பதில்லை, "ஏரி எத்தனை அடி?" என்றுதான் கேட்போம்; செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தால் தண்ணீர் எங்கள் ஆற்றில்தான் வரும். 2015 பெருவெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததிலிருந்து ஃபிரிட்ஜ் செங்கல் மேல்தான் நிற்கிறது. வீட்டில் தொடர்வதா, காலி செய்வதா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். எனக்குக் காலி செய்ய ஆசை, என் கணவருக்கு மனசில்லை. "ஒரு தடவை அந்த ஏரியப் பாத்துட்டு வா, பயம் போயிடும்" என்றார். சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

காலை 6.40க்கு கிண்டியில் குன்றத்தூர் பஸ். பெண்களுக்கு இலவசமான பிங்க் பஸ் என்பதால் எனக்கு டிக்கெட் செலவு இல்லை. ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து மதகு வரை ஆட்டோவுக்கு 150 ரூபாய்.

"ஏரில இன்னா கீதுன்னு இவ்ளோ காலைல போறீங்க?" என்றார் டிரைவர். பயம் போகத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "சும்மாதாண்ணா" என்றேன்.

கான்கிரீட் கோட்டை மாதிரி ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். இருப்பது மண். கல் பதித்து, புல் மூடி, எட்டு கிலோமீட்டர் வளைந்து போகும் வெறும் மண்கரை. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் மரங்களும் வீடுகளும். எங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த எண், அளவுகோலில் சாதுவாக நின்றது: இருபது அடி. இருபத்து நாலு வந்தால் நிரம்பிவிடும். மண்ணைக் கொட்டி இத்தனை தண்ணீரைப் பிடித்து வைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

கேட் அருகே ஷட்டர் திருகுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்த ஊழியரிடம், "இதத் தொறந்தா கோட்டூர்புரத்துக்குத் தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டேன்.

சிரித்தார். "இந்த ஏரித் தண்ணி மட்டுமாம்மா ஆத்துல வருது? வழில பேயுற மழை, மத்த ஏரிங்க ரொம்பி வர்றது, எல்லாம் அதுலதான் சேருது. இங்க ஷட்டர் கீது, வானத்துக்கு ஏது? நீங்க எந்த மாடி?"

"கிரவுண்ட் ஃப்ளோர்."

கிரீஸ் தடவிய கை நின்றுவிட்டது. "கரைய நம்புங்க. நான் தெனம் இதுமேலதான் நடக்கறேன். ஆனா வூட்ட ஒரு மாடி மேல பாத்துக்கங்க."

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் போய்விடுங்கள், நிழலே கிடையாது. குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். கண்முன் ஏரியே இருந்தும் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கரைமேல் எல்லா நாளும் விடமாட்டார்கள். கனமழை நாளில் போகவே வேண்டாம். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள், திரும்ப வேறு வண்டி கிடைப்பது கஷ்டம்.

ஆட்டோவில் ஏறியதும் கணவர் போன் செய்தார். "பயம் போச்சா?"

"போச்சு. ஏரி அவ்ளோ அழகா இருக்கு. வீட்டுக்காரர்கிட்ட காலி பண்றோம்னு சொல்லிடுங்க."