கோவில்பட்டியில் காய்ந்த படகுக் கதவுகள்

தூத்துக்குடிக் கரையில் ஏற்றிப் போட்டிருந்த பழைய மரப்படகை என் தங்கையின் கணவர் வாங்கினார். உள்ளே கேபினில் ஒரு தேக்கு அலமாரி. வெயிலும் உப்புக்காற்றும் தின்று மரம் சாம்பல் பூத்திருந்தது. பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் ஷீட் அடிக்கப்போவதாகச் சொன்னார். நான் நகத்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டினேன். உள்ளே தேன் நிறம்.

“மாப்ள, எனக்கு ஒரு மாசம் குடுங்க.”

“தாரேன் மச்சான். ஆனா படகு எறங்குத அன்னைக்கு அது சரியா இருக்கணும். இல்லன்னா பிடுங்கிப் போட்டுருவேன். பெறவு மூஞ்சத் தூக்கக்கூடாது.”

நான்கு கதவுகளையும் சட்டத்தோடு கழற்றி, மினி லாரியில் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்து மாடியில் போட்டேன். எதிர்வீட்டு அண்ணாச்சிக்குக் கொண்டாட்டம். “மழையே எட்டிப் பாக்கல, படகு வேல பாக்குதீங்க. வெள்ளம் வருதுன்னு உங்களுக்கு மட்டும் தகவல் வந்துருக்கா?”

என் மனைவி கொடியிலிருந்து ஒரு சேலையை உருவி நீட்டினாள். “பூராம் மரத்தூளு. இத நீங்களே உதறிக் கட்டிக்கிடுங்க.”

உப்புத்தாள் கொண்டு தேய்த்தேன். ஒரு சொல்லில் எழுதிவிடலாம்; தோள்பட்டை ஒப்புக்கொள்ளாது. சாம்பல் உதிர்ந்து ரேகைகள் எழுந்தன. எண்ணெய்த் துணி பட்ட இடமெல்லாம் கருப்பட்டிப் பாகின் நிறம். ஆனால் மூன்றாம் வாரம், கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு காசு நுழையும் இடைவெளி தெரிந்தது. எனக்கு அது மானப் பிரச்சினை. தேக்குச் சிம்புகளைச் சீவி விளிம்பில் ஒட்டி, தாள்கூட நுழையாமல் அடைத்து, வார்னிஷ் பூசி, கொண்டுபோய்ப் பொருத்தினேன். மாப்பிள்ளை திறந்து மூடிப் பார்த்தார். அவர் பாராட்டு அவ்வளவுதான்.

படகு இறங்குவதற்கு முந்தைய நாள் போன் வந்தது.

“மச்சான், கதவு ஒண்ணும் தெறக்க மாட்டேங்குது. உயிர்காப்புச் சட்டையெல்லாம் உள்ள கெடக்கு. கடப்பாரைய எடுக்கட்டுமா?”

“கீழ வைங்க. வாரேன்.”

பஸ் ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. பார்த்ததும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மழை விழுந்தால் இந்த மண் ஊதும், வெடிப்பு தானே மூடிக்கொள்ளும். பிறந்ததிலிருந்து மிதித்த சங்கதி. அந்த வெடிப்பை எவனாவது கல்லைப் போட்டு அடைப்பானா? நான் அடைத்திருந்தேன். எங்கள் ஊரின் வறண்ட காற்றில் ஒடுங்கிய மரம் கடற்காற்றைக் குடித்து அகன்றிருந்தது. அது அகல வேண்டிய இடத்தில் என் சிம்பு.

கீல் ஆணிகளைத் தட்டிக் கதவுகளை வெளியே எடுத்தேன். இழைப்புளியைப் போட்டுத் தள்ளினேன். என் வார்னிஷ், என் சிம்பு, என் மூன்று வார மானம் எல்லாம் சுருள் சுருளாய்க் காலடியில் விழுந்தன. நிறுத்தவில்லை. மாப்பிள்ளை கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

“நாலாவதும் முடிஞ்சா சொல்லுங்க. இதக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கணும்.”

சீவிய விளிம்புகளுக்கு எண்ணெய் தடவி, நாலாவதையும் மாட்டினேன். அவர் எழுந்து ஒரே விரலால் இழுத்தார். வந்தது. உள்ளிருந்து ஒரு சட்டையை எடுத்து என் மேல் எறிந்தார்.

“நாளைக்கு நீங்களும் வாரீங்க.”

கதவைச் சுற்றி ஒரு காசு நுழையும் இடைவெளி. அதை அப்படியே விட்டேன்.