அம்மா கட்டிய கடைசிப் பொட்டலம்

தையல் மெஷின் ஸ்டாண்டில் இடதுபக்க டிராயர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பூட்டியே கிடந்தது. சாவி தொலைந்துவிட்டது என்று அம்மா சொல்லியிருந்தாள். நேற்று நான் ஜொகூர் பாருவுக்குக் குடிமாறிப் போவதற்காகச் சாமான்களைக் கட்டும்போது, லோரியில் ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று அந்த டிராயரை ஸ்குரூடிரைவரால் நெம்பினேன். நூலுருண்டையும் பாபினும் கொட்டும் என்று பார்த்தால், நியூஸ்பேப்பரில் சுற்றிக் குறுக்கும் நெடுக்கும் சணல் கட்டிய ஒரு பொட்டலம் கையில் வந்தது. பிரிக்காமலேயே தெரிந்துவிட்டது. முடிச்சு அம்மாவுடையது. உள்ளே இருப்பது ஒரு பையனின் போட்டோ. அதை அம்மா வைத்திருக்கிறாள் என்பது எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே தெரியும், எங்கே என்பதுதான் தெரியாது. அந்தப் போட்டோவைக் கேட்டுக் கேட்டே கிழவியாகிப்போன என் பெரியம்மா, குளுவாங்கில் இன்னும் உயிரோடு இருக்கிறாள்.

அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் அவளைத் தெரிந்தவர்கள் யாராவது மிச்சமிருந்தால், சாமான் கட்டுகிறவள் என்றுதான் ஞாபகம் வைத்திருப்பார்கள். கல்யாணத்துக்கு முன் அவள் துரை வீட்டில் வேலை செய்தாள். கடைசி வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பியபோது அவர் மனைவியோடு உட்கார்ந்து இருபது நாள் பீங்கான் கட்டினாளாம். அங்கே கற்றதுதான். கோப்பைக்குள் முதலில் ஒரு தாளைக் கசக்கித் திணிப்பாள். பிறகு இரண்டு தாளைச் சுற்றி, நுனியை முறுக்கி உள்ளே மடக்குவாள். தமிழ்ப் பேப்பரைத் தொடமாட்டாள், அதன் மை பீங்கானில் ஒட்டிக்கொள்ளும் என்பாள். பின்னால் வந்த துரைமார் வீட்டிலிருந்து கேட்டு வாங்கிவரும் இங்கிலீஷ் பேப்பர்தான். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட காலத்தில் தோட்டத்தைவிட்டு யார் கிளம்பினாலும் முதல்நாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அம்மா போய்க் கட்டிக்கொடுப்பாள். நான் சணல்கட்டோடு கூடவே போவேன். முடிச்சு விழும்போது அதன் மேல் விரல் வைத்து அழுத்திக்கொள்வது என் வேலை. இறுக்கி முடித்ததும் "விரல எடு" என்பாள். கொஞ்சம் தாமதித்தால் விரலும் சேர்ந்து கட்டுப்படும். ஊரையே கட்டி அனுப்பியவள், தான் மட்டும் எங்கேயும் போகவில்லை.

பெரியம்மா அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. ஒரே லயத்தில் நாங்கள் முதல் வீடு, அவர்கள் நாலாவது வீடு. பெரியப்பாவுக்கு ஜொகூரில் ஒரு தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வேலை கிடைத்தது. அப்போதெல்லாம் இங்கிருந்து ஜொகூர் போக லோரியில் ஒரு முழுப்பகல் வேண்டும். போனால் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் உண்டு. பெரியம்மாவிடம் காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஒன்று இருந்தது. "அதத் தூக்கிட்டுப் போயி என்னா செய்யப் போறேன், ஒனக்கே விட்டுட்டுப் போறேன் தங்கச்சி" என்று அவளே வாயைத் திறந்து சொன்னாள். அம்மா கேட்கவில்லை. அதை நான் இப்போதும் சத்தியம் செய்து சொல்வேன்.

அந்த மெஷின் அம்மாவுக்கு ஆசைப்பொருள் அல்ல. அவள் அப்போது மருந்தடிக்கிற வேலையில் இருந்தாள். முதுகில் பம்பைச் சுமந்து செம்பனைக்கடியில் புல்லுக்கு விஷம் தெளிக்கவேண்டும். விரல் நகங்கள் கறுத்து ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. சில நாள் சோறு பிசையும்போதே மூக்கிலிருந்து ரத்தம் சொட்டும். இடது கண் மங்க ஆரம்பித்திருந்தது. மெஷின் வந்தால் பள்ளிக்கூடச் சட்டை தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம், பம்பைத் தூக்கிக் கணக்கெழுதும் கிராணி முன்னால் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தாள். அப்பா தலையாட்டியிருந்தார். எங்கள் வீட்டில் மூன்று வாரம் அந்தப் பேச்சுதான்.

அந்த மூன்று வாரமும் வேலை முடிந்து குளித்த ஈரத்தோடு அம்மா நாலாவது வீட்டுக்குப் போய்விடுவாள். நகமில்லாத விரல்களால் பெரியம்மாவின் வீட்டை ஒவ்வொரு கரண்டியாகக் கட்டினாள். பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து கைகாட்டுவாள். கோழிக்கூட்டைக்கூடப் பிரித்து, கம்பி தனியாகக் கட்டை தனியாகக் கட்டிக் கொடுத்தாள். சணல் சதையில் பட்டு ரத்தம் வந்தால் சேலையில் துடைத்துக்கொள்வாள். "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். "இன்னும் எத்தன நாளைக்கு" என்று சிரித்தாள். அம்மா சிரித்து நான் பார்த்த நாட்கள் குறைவு, அதனால்தான் நினைவிருக்கிறது.

லோரி வருவதற்கு முந்தின மாலை பெரியம்மா ஒரு கனமான அட்டைப்பெட்டியை முன்னால் தள்ளினாள். மேலே ஏற்கெனவே சாக்குப் போட்டு மூடியிருந்தது. "இது ஒங்க மாமாவோட இரும்புச் சாமான்லா, ஸ்பானரு சுத்தியலு. நல்லா இறுக்கிக் கட்டு, வழியில அவுந்துறப் போவுது." அம்மா இரட்டைச் சணல் போட்டுக் கட்டினாள். நான் விரல் வைத்தேன். பிறகு பெரியம்மா கோயிலுக்குக் கிளம்பினாள். அம்மா ஒரு துணியை எண்ணெயில் நனைத்துக்கொண்டு மெஷினைத் துடைக்கப் போனாள். மறுநாள் தன்னுடையதாகப் போகிறது, பளபளவென்று இருக்கட்டும் என்ற நினைப்பு. மெஷினை மூடியிருந்த மரக்கூட்டைத் தூக்கினாள். ஸ்டாண்டு மட்டும் இருந்தது. மெஷின் உட்காரும் இடத்தில் ஓட்டை, அதிலிருந்து பெல்ட் தொங்கியது. தலையைக் கழற்றி எடுத்திருந்தார்கள். அதைத்தான் அம்மா சற்றுமுன் தன் கையாலேயே இறுக்கிக் கட்டியிருந்தாள்.

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் மரக்கூட்டைப் பழையபடி மூடிவைத்து, மேலே எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு "வா" என்றாள். வீட்டுக்கு வந்து மீன் கழுவினாள். அன்றைக்கே சண்டை போட்டிருந்தால் இரண்டு வருஷத்தில் ஆறியிருக்கும், ஏதாவதொரு சாவு வீட்டில் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். ஆனால் அம்மாவுக்குச் சண்டை போடத் தெரியாது. அவளுக்குக் கட்டத்தான் தெரியும்.

மறுநாள் காலை சாமிச் சாமான்களைக் கட்டுவது மட்டும் பாக்கி. புது வீட்டில் அந்தப் பெட்டியைத்தான் முதலில் பிரிக்கவேண்டும். விளக்கை ஏற்றிவிட்டுத்தான் பால் பொங்கவிடுவார்கள். சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் பெரியம்மாவின் ஒரே பையனின் போட்டோ இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே, ஐந்து வயதில், தோட்டத்துப் பெரிய வாய்க்காலில் விழுந்து செத்துப்போனவன். டவுன் ஸ்டூடியோவில் எடுத்த படம், கண்ணாடி போட்ட சின்னச் சட்டம். காலுக்குப் பெரிதான ஸ்டூடியோ சப்பாத்தில் நின்றுகொண்டு, சிரிப்பை அடக்கத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பான். வேறு படம் கிடையாது. அம்மா அதை இங்கிலீஷ் பேப்பரில் சுற்றினாள். அதே அளவில் ஒரு பலகைத் துண்டையும் சுற்றினாள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. பலகை பெட்டிக்குள் போனது. பையன் என் பள்ளிக்கூடப் பைக்குள் வந்தான். முடிச்சு போடும்போது நான் விரல் வைத்தேன், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லோரி கிளம்பும்போது பெரியம்மா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மெஷின நல்லா வெச்சுக்க தங்கச்சி" என்று கூசாமல் சொன்னாள். அம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "போனதும் சாமிப் பெட்டிய மொதல்ல பிரிக்கா" என்றாள். அந்தக் குரலில் அத்தனை அன்பு இருந்தது.

ஒரு மாதம் கழித்துத் தோட்டத்துக் கடைக்குப் போன் வந்தது. "தங்கச்சி, பையன் படத்தக் காணோம். அங்க எங்கயாச்சும் கெடக்கா?" அம்மா நிதானமாகச் சொன்னாள். "நல்லாத் தேடிப் பாருக்கா. என் கையால கட்டுனது எதுவும் தொலையாது." பலகையைப் பிரித்த அன்றே பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நீ எடுத்தாய் என்று சொன்னால், நீ எடுத்தது என்ன என்ற பேச்சு வரும். ஆகவே இருவருமே அது தொலைந்துபோன மாதிரி பேசினார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதே கேள்வி, அதே பதில். அம்மா இன்னும் பதினோரு வருஷம் பம்பு சுமந்தாள். இடது கண் முழுக்கப் போயிற்று.

என் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே மெஷின் தலை. கடிதம் இல்லை. கழற்றிய திருகுகளைக்கூடப் பெரியம்மா ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு அனுப்பியிருந்தாள். "படத்தக் குடுத்துரும்மா, போதும்" என்றேன். "எந்தப் படம்?" என்றாள் அம்மா. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நீயெல்லாம் மனுஷியா?" என்று கத்தினேன். "இல்லன்னு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். கல்யாணத்துக்குப் பெரியம்மா வந்தாள். கிளம்பும்போது அம்மா அவளுக்கு ஒரு பையில் சேலையும் பலகாரமும் வைத்துக் கொடுத்தாள். பெரியம்மாவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்த்ததில்லை. மணவறையில் உட்கார்ந்திருந்த எனக்கு மண்டப வாசல் நன்றாகத் தெரிந்தது. அவள் அங்கே நின்று சேலையை மடிப்பு மடிப்பாகப் பிரித்து உதறினாள். பலகாரப் பொட்டலத்தைப் பிரித்து விரல் விட்டுத் துழாவினாள். பிறகு எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள். அன்றிலிருந்து அம்மாவை நான் உள்ளுக்குள் மன்னிக்கவே இல்லை. ஆனாலும் பெரியம்மா போன் செய்யும்போதெல்லாம் "கெடைச்சா சொல்றேன் பெரிம்மா" என்று அம்மாவின் பொய்யை நானும் சொல்லிவந்தேன்.

நேற்று அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, லோரிக்காரரிடம் சொல்லி வழியில் குளுவாங்கில் சற்று நிறுத்தி, கிழவியின் மடியில் போட்டுவிட்டுப் போவதென்று முடிவு செய்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது, சுற்றியிருந்தது தமிழ்ப் பேப்பர். அம்மா தொடாத பேப்பர். துரை வீடு மூடிய பிறகு இங்கிலீஷ் பேப்பர் ஏது? மூலையில் தேதி இருந்தது. என் கல்யாணத்துக்குப் பத்து நாள் முந்தின தேதி, மெஷின் வந்த அதே வாரம். பிரித்தேன். சட்டத்தின் பின்பக்க ஆணிகளைப் பிடுங்கித் திரும்ப அடித்திருந்தது. எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ, இந்தக் கடலோரத்து ஈரம் புகுந்து படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இடுப்புக்கு மேலே வெள்ளைப் பூஞ்சணம். ஒட்டியதைப் பிரிக்கப் பார்த்திருக்கிறாள். பிரிக்கப் போய், மிச்சமிருந்த கன்னமும் வாயும் கிழிந்து வந்திருக்கின்றன. கால்சட்டை இருக்கிறது. இரண்டு சப்பாத்தும் பளிச்சென்று இருக்கின்றன. பையன் இல்லை.

மெஷின் வந்ததுமே திருப்பிக் கொடுக்கத்தான் அம்மா எடுத்திருக்கிறாள். எடுத்துப் பார்த்து, கிழித்து, மறுபடி சுற்றிப் பூட்டியிருக்கிறாள். முகம் அழிந்துவிட்டது என்று அக்காவிடம் சொல்வதைவிடக் கல்நெஞ்சுக்காரி என்று பேர் வாங்குவது மேல் என்று நினைத்தாளா, அல்லது தன் கையில் ஒரு பொருள் கெட்டுப்போனது என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லையா, தெரியவில்லை. அவளை நல்லவளாக்க நான் இதை எழுதவில்லை. அந்த முகத்தை அழித்தது அவள்தான். ஆனால் முப்பது வருஷம், நான் மட்டும் ஒரு பாவமும் செய்யாதவள்போல அவளை வெறுத்திருக்கிறேன். அது என்னை அறுக்கிறது.

இன்று காலை பெரியம்மாவே போன் செய்தாள். நான் மாறிப்போவது அவளுக்குத் தெரியும். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் பொட்டலத்தை அதே பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"பசியாறிட்டியாம்மா?"

"ஆச்சு பெரிம்மா."

"வீட்டயே பிரிச்சுட்டல்ல. அகப்பட்டுச்சா?" நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மறுபடியும் பேசினாள். இத்தனை வருஷத்தில் சொல்லாததைச் சொன்னாள். "நான் செஞ்சது தப்புதான். மெஷின அனுப்பிட்டேன்லா. அப்பறமும் ஏன் குடுக்கல? அவன் மொகம் எனக்கு மறந்துபோச்சு ஆயி. கண்ண மூடுறதுக்குள்ள ஒருவாட்டி பாத்தாப் போதும்."

உண்மையைச் சொன்னால் அம்மாவின் பேர் கொஞ்சமாவது மிஞ்சும். கொடுக்கத்தான் எடுத்தாள் என்று கிழவிக்குத் தெரிந்துவிடும். கூடவே, உலகத்தில் எங்கேயும் அந்த முகம் இல்லை என்பதும் தெரிந்துவிடும். சணலைக் குறுக்கே போட்டு இழுத்தேன். முடிச்சின் மேல் வைக்க ஆளில்லை, என் கட்டைவிரலையே வைத்து அழுத்திக்கொண்டேன்.

"எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டேன் பெரிம்மா. இல்ல."

 பெரியம்மா மெதுவாகச் சொன்னாள். "செத்தும் குடுக்கல பாரு. ஒங்கம்மா கொலகாரி."

"ஆமா பெரிம்மா" என்றேன். முடிச்சை இறுக்கிவிட்டு விரலை எடுத்தேன்.