கொழும்பில் வளரும் நிருஷன்

துணுக்காய் இராசேஸ்வரியின் மகன் நிருஷன் தன் உதட்டைத் தானே கடித்துக் குதறினான். விரல்களையும் விட்டுவைக்கவில்லை. “அம்மா, கையைக் கட்டுங்கோ” என்று அவனே அழுதுகொண்டு கேட்பான். அவள் பழைய சேலையைக் கிழித்து, அவனிருக்கும் கதிரையின் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டுவாள். கட்டிய பிறகுதான் அவன் முகத்தில் சிரிப்பு வரும். ஊருக்கு இது போதாதா? பேய் பிடித்த பிள்ளை என்றார்கள். பெற்றவளே கொடுமைக்காரி என்றார்கள். ஒரு நாளாவது வந்து அவனுக்கு ஒரு வாய் சோறு ஊட்ட ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

பேயில்லை என்று கண்டுபிடித்தவன் ஜனார்த்தனன். வவுனியாப் பெடியன், கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் டொக்டர். பிள்ளையின் கையில் கடுகளவு தோல் எடுத்துப்போய், அதிலிருந்த உயிர்க்கலங்களைக் குப்பியில் வளர்த்துப் பார்த்தான். பிறகு வீட்டுக்கே வந்து விளக்கினான்.

“அம்மா, எங்கட ஒவ்வொரு கலத்துக்கும் நியூக்கிளியோரைட் எண்ட சாமான் வேணும். அதைக் கோர்த்துத்தான் பரம்பரைச் சங்கதியெல்லாம் எழுதியிருக்கு. அதைச் செய்ய ரெண்டு வழி. ஒண்டு, அடியிலயிருந்து புதுசாக் கட்டுறது. மற்றது, உடைஞ்ச துண்டுகளைப் பொறுக்கித் திரும்பக் கட்டுறது. பொறுக்கிக் கட்டுற நொதியம் இவனுக்குப் பிறவியிலேயே வேலை செய்யேல்லை. துண்டெல்லாம் யூரிக்கமிலமாச் சேருது. அந்தக் குறைதான் இவனைக் கடிக்க வைக்குது, சிறுநீரகத்தையும் பழுதாக்குது.”

இராசேஸ்வரிக்கு அது சட்டென்று விளங்கியது. போர் முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பியபோது உடைந்த கல்லையும் ஓட்டைத் தகரத்தையும் பொறுக்கித்தான் அவளும் வீடு கட்டினாள். தன் வயிற்றில் பிறந்தவனுக்கு அந்த வித்தை வாய்க்காமல் போயிற்றே.

நோய்க்குப் பெயர் கிடைத்தது. அதை மாற்ற வழி கிடைக்கவில்லை. சிறுநீரகம் பழுதாகி, பதினான்கு வயதில் நிருஷன் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினான். தகப்பன் பாலன் கொள்ளி வைத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முறைப்படி செய்து முடித்தான்.

அதற்குப் பிறகுதான் ஜனார்த்தனன் போன் எடுத்தான். குப்பியில் நிருஷனின் கலங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, பிரிந்து பிரிந்து பெருகுகின்றன என்றான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மகனுக்குப் படைக்க இலை போட்டால், உயிரோடு இருக்கிறவனுக்கா படைக்கிறேன் என்று அதை மடித்து வைத்துவிடுவாள். பாலன் அதட்டியும் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான். கிணற்றடியில் நின்றாலும் பஸ்ஸில் இருந்தாலும், பிள்ளை கொழும்பில் தனியே பசித்திருப்பதாகவே அவளுக்குப் பட்டது.

கார்த்திகையில் ஜனார்த்தனன் மறுபடி போன் எடுத்தான்.

“என்ன சாப்பாடு தம்பி குடுக்கிறியள்?” என்று அவள் முந்திக்கொண்டாள்.

“சீனி, உப்பு, கண்டுக்குட்டியின்ர ரத்தத்தில எடுத்த தெளிவு.”

“அவனுக்கு நோகுமோ?”

“இல்லை அம்மா. கலத்துக்கு நோ தெரியாது.”

பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தான். கலங்களில் பாதிக்கு, அந்த நொதியத்தைத் தாமே செய்துகொள்ளும்படி திருத்தம் செய்திருக்கிறார்களாம். இனி, புதிதாகக் கட்டும் வழியை ஒரு மருந்தால் அடைத்துப் பார்க்க வேண்டும். திருத்தியவை துண்டு பொறுக்கிப் பிழைத்துக்கொண்டால், இன்னொரு பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கலாம்.

“மற்றப் பாதி?”

“செத்துப்போகும் அம்மா. வேண்டாமெண்டாச் சொல்லுங்கோ, விட்டிடுறன்.”

அவள் குசினி வாசலில் அப்படியே குந்திவிட்டாள். உள்ளே சோறு பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“செய்யுங்கோ” என்றாள் கடைசியில். “ஆனா செய்யிற நேரம் எனக்குச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ. அண்டைக்கு ஆஸ்பத்திரியில அவன் சுடுதண்ணி கேட்டவன். நான் போத்திலைக் கொண்டு போய் எடுத்துக்கொண்டு வாறதுக்குள்ள போயிட்டான். இந்த முறையாவது நான் பக்கத்தில இருக்கோணும், தம்பி.”