முன்னூற்றைம்பதில் நின்ற ஈயம்

என் கணவர் ஈயச் சட்டிக்கு மேலே முகத்தைக் கவிழ்க்கும்போதெல்லாம் எனக்குப் பயம் பிடித்துவிடும். பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும், எனக்கு ஏச்சுத்தான் வரும். "அந்தச் சட்டிக்குள்ள என்ன கூத்தா நடக்குது? மூஞ்சிய எடுங்க!" என்று சமைத்துக்கொண்டே குசினியிலிருந்து கத்துவேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து ஈயத்துக்குள் விட்டுப் பார்ப்பார். ஈர்க்கு கருகினால் சூடு பதம். பற்றி எரிந்தால் மிஞ்சிவிட்டது. அதுதான் அவருடைய கணக்கு.

சண்டை முடிந்து கடல் திறந்த வருஷங்கள் அவை. எங்கள் ஊர் உடப்பிலிருந்து படகுகள் நினைத்த தூரத்துக்குப் போகத் தொடங்கின. வலைகள் பெருகின, வலையின் அடியில் கட்டும் ஈயக் குண்டுக்கும் தேவை பெருகியது. பழைய வலைகளில் கழற்றிய குண்டுகளை வாங்கி உருக்கி, அச்சில் ஊற்றிப் புதிதாக்கிக் கொடுப்பது அவர் தொழில். வீட்டுப் பின்வளவில் தென்னங்கிடுகு போட்ட கொட்டில்தான் பட்டறை. விறகை விட்டு, கரண்டில் சூடாகும் சட்டிக்கு மாறியிருந்தார். அது இன்னும் மோசம். விறகென்றால் வெளியே இழுத்துவிடலாம். இது தன்பாட்டில் சூடேறிக்கொண்டே போகும், ஈயம் புகையும், என்னவென்று பார்க்க இவர் இன்னும் கிட்டக் குனிவார். அடுத்த தெருவில் ஒரு மனிதர் இதே தொழிலில் ஒரு கண்ணை இழந்திருந்தார். அவர் எங்கள் வாசல் படலையைக் கடந்தால் நான் உள்ளே போய்விடுவேன். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

சூட்டை அளந்து தானாகவே கரண்டை வெட்டுகிற பெட்டியொன்றை மதுரங்குளியில் ஒரு பேக்கரியின் போறணை அடுப்பில் கண்டேன். அன்றைக்கே தொடங்கிவிட்டேன். மூன்று நாள் அவரை நிம்மதியாகச் சோறு தின்ன விடவில்லை. "உங்களுக்குக் கண் வேணாமெண்டாலும் எனக்கு வேணும்" என்றேன். நாலாம் நாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெறும் ஈயச் சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"சரி, வா போவம். உன்ட வாய்க்கு அந்த ஈயமே பரவாயில்ல."

மதுரங்குளியில் ரேடியோவும் மின்விசிறியும் திருத்துகிற கடை வைத்திருந்த நானா, தொண்ணூறில் மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டு வந்தவர். பொறுமைசாலி. ஒரு சின்னப் பெட்டியையும் நீளக் கம்பியொன்றையும் மேசையில் வைத்து விளக்கினார்.

"தங்கச்சி, இந்தக் கம்பி ஈயத்துக்குள்ள நிக்கணும். கம்பி சொல்ற சூட்டப் பெட்டி பார்க்கும். முன்னூத்தம்பது டிகிரில வெச்சா, அதுக்கு மேல போக விடாது. கரண்ட வெட்டிரும்."

"கம்பி வெளிய வந்திட்டா?"

"ஈயம் ஆறிக் கிடக்கெண்டு நினைச்சு, சூடாக்கிக்கிட்டே இருக்கும்."

கம்பியைச் சட்டியோடு இரண்டு இடத்தில் ஆணி முறுக்கிப் பூட்டித் தரும்வரை கடையை விட்டு நான் அசையவில்லை. "நீங்க எஞ்சினியருக்குப் படிச்சிருக்கணும்" என்று நானா சிரித்தார். வரும் வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன்.

ஊரில் தீமிதிக்குக் கொடியேறியிருந்தது. எங்கள் தெருவில் பலர் கடலுக்குப் போகாமல் கரையிலிருந்து வலை பழுது பார்க்கிற நாட்கள். குண்டு கேட்டு ஆள்மேல் ஆள் வந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் காலை பெட்டியைப் பூட்டி, சோதித்துப் பார்க்க ஒரு சட்டி ஈயத்தை உருக்கினார். சிவப்பு எண்கள் ஏறி ஏறி முன்னூற்றைம்பதில் நின்றன. டிக்கென்று ஒரு சத்தம். புகை இல்லை. அவர் குனியவுமில்லை, எட்ட நின்றே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் மஞ்சள் தண்ணி படாமல் எந்தப் புதுச் சாமானும் வேலை தொடங்காது. தையல் மெஷினுக்கும் தெளித்தோம், படகு எஞ்சினுக்கும் தெளித்தோம். அம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் தண்ணிச் செம்போடு நான் கொட்டிலுக்குப் போனேன்.

"ஈயத்துக்குக் கிட்டத் தண்ணி கொண்டு வராத புள்ள" என்றார்.

"ஏன், எனக்குத் தெரியாதா? பால் குடிக்கிற பச்சப் புள்ளயா நான்?"

எனக்குத் தெரியும். உருகிய ஈயத்துக்குள் ஈரம் போனால் வெடிக்கும். மழையில் நனைந்த குண்டுகளை இரண்டு நாள் வெயிலில் காயப்போடுகிறவளே நான்தான். அதனால் சட்டிப் பக்கம் போகவில்லை. பெட்டிக்கு ஒரு பொட்டு மட்டும் வைத்தேன். பிறகு பழைய குண்டொன்றை எடுத்துச் செம்புக்குள் அமிழ்த்தி, கண்ணை மூடிக் கும்பிட்டு, முந்தானையால் நன்றாகத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இத முதல்ல போடுங்க. அம்மன்ட பேரில தொடங்குவம்."

துடைத்தது வெளிப்பக்கம். வலைக்கயிறு கோக்கிற துளை குண்டின் நடுவில் ஓடுகிறது. அதற்குள் பழைய கடல்மணல் அடைந்து கிடந்தது. மணல் குடித்த தண்ணீர் உள்ளேயே நின்றது. அது என் புத்திக்கு எட்டவில்லை. அவர் குண்டை உள்ளங்கையில் ஒருதரம் உருட்டினார். கரண்டியில் வைத்துச் சட்டிக்குள் இறக்கினார்.

வெடிச் சத்தம் ஒழுங்கை முனை வீடுவரை கேட்டதாம். எனக்குக் கேட்டது அவருடைய "அம்மா" மட்டும்தான். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தியபடி மணலில் இருந்தார். விரலிடுக்கில் ஈயத் துளிகள் ஒட்டியிருந்தன.

ஆட்டோவில் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது கண்ணைக் காப்பாற்ற முடியாது என்றார்கள். இடது கண்ணையும் சேர்த்துக் கட்டி, ஐந்து நாள் கழித்து அவிழ்த்தால்தான் சொல்லலாம் என்றார்கள். அந்த ஐந்து நாளும் நான் பட்ட பயத்தை என் எதிரியும் படக்கூடாது. இரண்டு பயம். அந்தக் கண்ணும் போய்விடுமோ என்பது ஒன்று. இது என் கையால் நடந்ததென்று தெரிந்துவிடுமோ என்பது மற்றது. அவருடைய அண்ணன் வந்து என்ன நடந்ததென்று கேட்டபோது, என் வாய் என்னைக் கேட்காமலே பொய் சொன்னது.

"பெட்டி வேலை செய்யாமப் பிழைச்சிட்டுது, அத்தான்."

"அந்தக் கடைக்காரன இண்டைக்கே போய்க் கேக்கிறன்" என்று அண்ணன் எழும்பினார். கட்டிலில், கண் இரண்டும் கட்டிக் கிடந்தவர் கையை உயர்த்தினார்.

"பெட்டி பிழைக்கல்ல அண்ணா. நான்தான் ஈரக் குண்டப் போட்டிட்டன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். இடது கண் திறந்தது, கலங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக என்னைக் கண்டது. தாதி போகும்வரை காத்திருந்தேன். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"துளைக்குள்ள தண்ணி நிண்டது உங்களுக்குத் தெரியாதுதானே?"



"தெரியும். உருட்டக்குள்ள உள்ளங்கையில ஈரம் பட்டிச்சு."

"பிறகு ஏன் போட்டீங்க?"

"போடாட்டி நீ ஏசுவாய்."

சொல்லிவிட்டு, மிஞ்சியிருந்த அந்த ஒற்றைக் கண்ணால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.